மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பொட்டு

கார்டைக் காட்டுங்க சார், தப்பாக நினைக்காதீங்க. இந்தப் படத்தில் மீசை இருக்கிறது, உங்களுக்கு இல்லையே? ஓ, போன மாசம்தான் மீசையை எடுத்தீங்களா. சரி, காது ஒரே மாதிரி இருக்கிறது, நம்புகிறேன். இல்லைங்க, போன வாரம் ஒருத்தன் வந்து தானும் இன்சூரன்ஸ்தான் என்றான். மோர் எல்லாம் கொடுத்தேன். கடைசியில் பார்த்தால் பழைய இரும்புக்காரன், எரிந்த வண்டியை எடைக்குக் கேட்கிறான். அதிலிருந்து யார் வந்தாலும் முதலில் கார்டு, அப்புறம்தான் மோர். உட்காருங்க. அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், சாயாமல் உட்காருங்க.

வந்ததும் வராததுமாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புரியவில்லை. தீ வைத்தவள் பக்கத்து வீட்டில் இருக்கிறாள். வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது? இருபது போட்டோ எடுத்தீங்க. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

எழுதிக்கோங்க. என் பெயர் வெண்ணிலா. எரிந்து நிற்கிறதே, அது என் வீட்டுக்காரர் மாதேஷின் கார். செகண்ட் ஹேண்டில் வாங்கி ரெண்டு வருஷம் ஆகிறது. டாக்சி பர்மிட், இன்சூரன்ஸ், புகை சர்டிபிகேட் எல்லாம் முறையாக இருக்கிறது. பென்னாகரம் ஆஸ்பத்திரி, தருமபுரி கோர்ட்டு, ஒகேனக்கல் என்று ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது செங்கல் சூளைக்குக் கூலிக்குப் போயிருக்கிறார். அவர் இருந்தாலும் நான்தான் பேசுவேன். அவர் வாயிலிருந்து நாலு வார்த்தை வந்தால் அதில் ரெண்டு "தெரியலீங்க".

தீ வைத்தவள் பெயர் சாலம்மா. மாதேஷின் அண்ணன் பெண்சாதி, எனக்கு ஓர்ப்படி. அதோ அந்தப் பச்சைக் கதவு. புருஷன் ஓசூரில் கட்டட வேலை, மாசத்துக்கு ஒரு தரம் வருவார். கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மனசு எப்படியிருக்கும் என்று நீங்களே யோசிச்சுப் பாருங்க. நான் போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை பத்து மணிக்கு அவளை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "இன்சூரன்ஸ்காரர்கிட்ட நீ என்ன எழுதிக் குடுக்கிறேன்னும் பாத்துட்டுத்தாம்மா கேஸ் போடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம்" என்று ஏட்டு சொன்னார். அதனால் கேட்டுக் கேட்டு எழுதுங்க. நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது பாஸ். வாசித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.

முட்டையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மார்கழியில் ஒரு நாள் மாதேஷ் சவாரி முடித்து வந்து நின்றார். வண்டியைச் சுற்றி அழுகின முட்டை நாற்றம். சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். டிக்கியைக் காலி பண்ணிப் பார்த்தேன். தன்ஷிகா எங்கேயாவது ஒளித்து வைத்தாளோ என்று பார்த்தேன். தன்ஷிகா என் பெண், ரெண்டரை வயசு, கையில் கிடைத்ததை எல்லாம் ஒளித்து வைப்பாள். ஒரு ஓடு கூடக் கிடைக்கவில்லை. முட்டை இல்லாமல் முட்டை நாற்றம் வந்தால் என்ன அர்த்தம்? நீங்க படித்தவர், சிரிப்பீங்க. எங்கள் பக்கத்தில் செய்வினை வைக்கிறவர்கள் முட்டையில்தான் பேர் எழுதிப் புதைப்பார்கள். சாலம்மா வீட்டில் ஒன்பது கோழி.

நேராகப் போய்க் கேட்டேன். "உங்க கோழியெல்லாம் இப்ப எங்க முட்ட போடுது?"

"கூடையிலதான். ஏன், வேணுமா? நாலு எடுத்துட்டுப் போ, பாப்பாவுக்கு அவிச்சுக் குடு" என்றாள்.

பார்த்தீங்களா சாமர்த்தியத்தை! கொண்டுவந்து தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நாலும் மூழ்கின. நல்ல முட்டை. அவித்துக் கொடுத்தேன், பிள்ளை தின்றாள். முட்டை மேல் எனக்கென்ன கோபம்.

அந்த நாற்றத்துக்குப் பிறகுதான் வண்டிக்குக் கெட்ட காலம். காலையில் ஸ்டார்ட் ஆகாது. தள்ள வேண்டும். நானும் பால்காரரும் பின்னால் நின்று தள்ளுவோம், மாதேஷ் உள்ளே உட்கார்ந்து கிளச்சை விடுவார். கிளம்பினாலும் சீராக ஓடாது, விக்கி விக்கி ஓடும். இவள், சாலம்மா, கூப்பிடாமலே வந்து தள்ளுவாள். தினமும் வருவாள். யாராவது கூப்பிடாமல் அடுத்தவன் வண்டியைத் தள்ள வருவார்களா? சொல்லுங்க. கை வைக்கிற சாக்கில் என்ன வைத்தாளோ.

அப்போதுதான் அந்த மஞ்சள் விளக்கு வந்தது. ஸ்டீயரிங்குக்கு முன்னால், கிணற்று மோட்டார் மாதிரி சின்னதாக ஒரு படம். அது எரிந்துகொண்டே இருக்கும். சில நேரம் மினுக் மினுக் என்று கண் சிமிட்டும். "அது ஒண்ணும் இல்ல, சென்சார் பிரச்சன" என்று மாதேஷ் சொல்லிவிட்டார். ஆனால் முன்னால் உட்கார்ந்து வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். "என்னப்பா டிரைவர், வெளக்கு எரியுதே, வழியில நின்னுடுமா?" ஒரு டீச்சரம்மா பாதி வழியில் இறங்கி பஸ் ஏறிப் போய்விட்டது. எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? என் நெற்றியில் இருந்த கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டிவிட்டேன். கச்சிதமாக மூடிக்கொண்டது, அளவெடுத்துச் செய்த மாதிரி.

மாதேஷ் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்ன, திருஷ்டிப் பொட்டா?"

"ஆமாம், திருஷ்டிதான். யாரோடதுன்னு வாயத் தெறந்து சொல்லட்டுமா?" என்றேன்.

என்ன சார், பேனாவை நிறுத்திவிட்டீங்க? பொட்டு எல்லாம் எழுத வேண்டாம். அது வீட்டு விஷயம்.

மெக்கானிக்கிடம் காட்டவில்லையா என்றா கேட்கிறீங்க? காட்டாமல் என்ன. நானே கூடப் போனேன். திம்மராயன் என்று பேர், மெயின் ரோட்டில் ஷெட் வைத்திருக்கிறான். பொட்டை உரித்துப் பார்த்தான், கீழே குனிந்து பார்த்தான். அப்புறம் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டான்.

"தங்கச்சி, இந்த வெளக்கு சும்மா எரியாது. ஒரு பிளக்கு அடிக்கல. எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பைப்புல போகுது. வழியில ஒரு டப்பா இருக்கு, பொகைய சுத்தம் பண்ற டப்பா. பெட்ரோல் அங்க போய் எரியும். அப்ப டப்பா அடுப்பு மாதிரி சிவந்துடும். முட்ட நாத்தம் வந்துதா? அதுவும் அங்கிருந்துதான் வந்துது. வெளக்கு கண்ணச் சிமிட்டுச்சின்னா வண்டிய ஓரங்கட்டிடணும், ஓட்டவே கூடாது. தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்ணக் கூடாது, பச்சப் பெட்ரோல்தான் உள்ள போகும். காஞ்ச புல்லு, சருகு மேல மட்டும் நிறுத்திடாதீங்க. ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க, பிளக்கு மாத்தி, டப்பாவையும் கழட்டிப் பாத்துடறேன்."

"அடுப்பு மாதிரி சிவக்கும்னா இத்தன நாள் ஏன் சிவக்கல?" என்று கேட்டேன்.

"நீங்க குனிஞ்சு பாத்தீங்களா?" என்கிறான் திமிராக.

அவன் டப்பாவைக் கழட்டுகிறேன் என்று சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் தங்கத்தைவிட விலை கூடின ஏதோ இருக்கிறதாம், செல்போனில் வீடியோ பார்த்திருக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போகிறார்களாம். ரெண்டு நாள் விட்டுவிட்டுப் போனால் இவன் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மண்ணை அடைத்துத் தருவான், நாம் குனிந்து பார்க்கவா போகிறோம்? "வேண்டாம்ண்ணா, அறுவடை முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, புதுப் பொட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது சார், அந்த வண்டி என்னைவிட அதிகம் பொட்டு வைத்துக்கொண்டது.

தகரமா? எந்தத் தகரம்? ஓ, டப்பாவுக்கு அடியில் இருந்த தகடா? அது ஆட்டம் கொடுத்துக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. மாதேஷ் பிடுங்கி எறிந்துவிட்டார். நல்ல கெட்டியான தகடு, வீணாக்குவேனா? அம்மிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறேன் பாருங்க, அடுப்புக்குக் காற்று மறைப்பு. சூடு இந்தப் பக்கம் வரவே வராது. அது எதற்கு இருந்தது வண்டியில்? சூடு இந்தப் பக்கம் வராமல் இருக்கத்தானா. ம்.

சரி, சண்டைக்கு வருகிறேன். அதுதான் முக்கியம்.

இந்த வருஷம் கொள்ளு நன்றாக விளைந்திருந்தது. எங்களுக்கு முக்கால் ஏக்கர், அவர்களுக்கு முக்கால் ஏக்கர். எங்கள் பக்கம் கொள்ளுச் செடியைப் பிடுங்கிக் காய்ந்ததும் தார் ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறிக் காயெல்லாம் உடைந்துவிடும். அப்புறம் செடியை உதறி எடுத்துவிட்டுக் கொள்ளைப் பெருக்கிப் புடைத்தால் வேலை முடிந்தது. மிஷினும் வேண்டாம், ஆளும் வேண்டாம். ரோடு வயலுக்கு முன்னால் கொஞ்ச தூரம்தான் சமமாக இருக்கிறது. நான் விடிகாலையில் போய் அந்த இடம் முழுக்கப் பரப்பிவிட்டேன். சாலம்மா தலையில் கொள்ளுக் கட்டோடு வந்து நின்றாள்.

"எனக்குக் கொஞ்சம் எடம் விட்டிருக்கலாமே" என்றாள்.

"முன்னாடி வந்தவங்களுக்குத்தான் ரோடு" என்றேன். ஒன்றும் பேசாமல் கட்டை இறக்கி வேலி ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். அப்படிப் பேசாமல் போனதுதான் சார், அதை அடிக்கோடு போட்டு எழுதுங்க.

அன்றைக்குப் பார்த்து வண்டியே வரவில்லை. கீழே பாலம் வேலை, பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டார்கள். பதினோரு மணி வரை நாலே நாலு பைக். அதில் என்ன கொள்ளு உடையும்? மாதேஷ் அன்றைக்குச் சவாரி இல்லாமல் சும்மா இருந்தார். எனக்கு ஒரு யோசனை. நம்மிடமே நாலு சக்கரம் இருக்கும்போது ஊரான் வண்டிக்கு ஏன் காத்திருக்க வேண்டும்? "வண்டிய எடுங்க, மேலயும் கீழயும் ஓட்டுங்க" என்றேன். அவர் தலையைச் சொறிந்தார், எடுத்தார். முதல் கியரில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் முப்பது தடவை ஓட்டியிருப்பார். தன்ஷிகா பின் சீட்டில் உட்கார்ந்து ஒரே கும்மாளம். கொள்ளு படபடவென்று உடைகிறது. ஊரே நின்று பார்த்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

பிள்ளை தூங்கிப்போனாள். "குவியல் மேலயே ஏத்தி நிறுத்துங்க, பாரத்துக்கு நல்லா அமுங்கும். ஏசி ஓடட்டும், பாப்பா எந்திரிச்சா வேல கெட்டுடும்" என்றேன். எஞ்சினை அணைக்காமல் ஏற்றி நிறுத்திவிட்டு அவர் டீக்கடைக்குப் போனார். தோளில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு போனார். நான் வயலுக்குள்ளே முறத்தை எடுக்கப் போயிருந்தேன். அங்கிருந்து பார்த்தால் பிள்ளையைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரிதான் தெரிந்தது. அப்படித்தான் தெரிந்தது சார்.

கால் மணி நேரம் இருக்கும். திரும்பிப் பார்த்தால் வண்டிக்கு அடியில் புகை. அப்புறம் சட்டென்று நெருப்பு. நான் ஓடி வருவதற்குள் அவள் அங்கே நிற்கிறாள். அதுதான் என் கேள்வி. எனக்கு முன்னால் அவள் எப்படி வந்தாள்? தீ வைக்காதவளுக்குத் தீ எப்படி முதலில் தெரியும்? கை வேறு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருக்கிறது. மடியில் தீப்பெட்டி இருந்தது, நாலு பேர் பார்த்தார்கள். அடுப்புப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாளாம். எழுதிட்டீங்களா?

அவள் வாசலிலிருந்து ரோடு தெரியுமா என்றா கேட்கிறீங்க? தெரியும். நேராகத் தெரியும். அதனால் என்ன?

எந்தக் கதவைத் திறந்தாள் என்றால்... பின் கதவு. இடது பக்கம். பிடியைத் தொட முடியாமல் முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாளாம். பால்காரர் சொன்னார். நான் பார்க்கவில்லை.

நான் எங்கே இருந்தேன்? அங்கேதான் இருந்தேன். பத்தடியில். பார்க்காமல் என்ன செய்தேன் என்றால்...

கொள்ளுச் செடியை இழுத்துக்கொண்டிருந்தேன் சார்.

தீ பரவுகிறது, இன்னும் பிடிக்காத செடியை வாரி வாரி வயல் பக்கம் இழுத்துப் போட்டேன். நாலு மாசப் பாடு இல்லையா. வண்டி போனால் போகட்டும், உள்ளே யாரும் இல்லை என்று நினைத்தேன். மாதேஷ் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார் என்று நினைத்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என் எதிரில் நின்று கத்தினாள். "அடிப் பாவி, பாப்பா உள்ள இருக்கு, நீ செடிய இழுத்துட்டு இருக்கியேடி!" ஊரே கேட்டது. பால்காரர், பள்ளிக்கூடத்து ஆயா, டீக்கடையிலிருந்து ஓடிவந்தவர்கள், எல்லாரும். என் கையில் ஒரு கட்டுக் கொள்ளுச் செடி. அப்படி எல்லார் முன்னாலும் ஒருத்தியைச் சொல்லலாமா சார்? பெற்றவளைப் பார்த்துச் சொல்லலாமா? அன்றைக்குச் சாயங்காலமே ஸ்டேஷனுக்குப் போனேன்.

இது எழுத வேண்டாம்.

அந்தப் போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டுங்க. இது என்ன, கயிறா? டப்பாவைச் சுற்றிக்கொண்டிருக்கிறதே, கறுப்பாக. கொள்ளுக் கொடிதான். எங்கள் கொடியேதான், எனக்குத் தெரியாதா. முப்பது தடவை ஓட்டினதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அப்புறம் மேலே கொண்டுபோய் நிறுத்தி, அடியிலும் குவியல். தகடும் இல்லை. அப்போது அது... எவ்வளவு சூடு இருக்கும் சார், விக்கிக்கொண்டு ஓடுகிற வண்டிக்கு? அவ்வளவா.

அந்தத் திம்மராயன் மேல் எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கிறது. இருந்தாலும் அவன் சருகு மேல் நிறுத்தாதே என்றுதான் சொன்னான். அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவனைப் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்க. தீ வைத்தார்கள் என்று எழுதினால் வண்டிக்குப் பணம் வருமா, இப்படி எழுதினால் வருமா? தெரியாதா? ஆபீஸ்தான் சொல்ல வேண்டுமா? விளக்கு எரிந்தும் ஓட்டியதைக் கேட்பார்கள் என்கிறீங்க. கேட்கட்டும். மாதேஷ் இன்னும் கொஞ்ச நாள் செங்கல் சுமக்கட்டும், என்ன செய்வது. நானும் போகிறேன் கூட.

அந்தத் தாளைக் கிழிங்க. வேறு தாள் எடுங்க. நான் சொல்கிறபடி எழுதுங்க, அடிக்கோடெல்லாம் வேண்டாம். கொள்ளு மேல் வண்டியை ஓட்டச் சொன்னதும் நிறுத்தச் சொன்னதும் வெண்ணிலா. விளக்கின் மேல் பொட்டு ஒட்டினதும் வெண்ணிலா. ஆமாம், பொட்டையும் எழுதுங்க, ஏற்கெனவே எழுதிட்டீங்க என்று எனக்குத் தெரியும், பேனா அசைந்ததைப் பார்த்தேன். தீயை யாரும் வைக்கவில்லை. பிள்ளையை ஒரு காயமும் இல்லாமல் வெளியே எடுத்தது சாலம்மா. அதை முதல் வரியில் போடுங்க. ஏட்டு முதல் வரியைத்தான் படிப்பார்.

கொடுங்க, வாசிக்கிறேன். "மீட்டார்" என்று எழுதியிருக்கிறீங்க. சரிதான். அந்தக் கையை அவள் இன்னும் தூக்க முடியாமல் வைத்திருக்கிறாள். ஒரு கையால் கோழிக்குத் தவிடு பிசைகிறாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் பார்க்கிறேன். எதற்காகப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னொரு தாளிலும் இதையே எழுதிக் கொடுங்க, நாளைக்கு அவளுக்கு முன்னால் நான் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்.

அவளிடமும் விசாரிக்க வேண்டுமா? இருங்க, நானும் வருகிறேன். இல்லை, நீங்க முன்னால் போகாதீங்க, பேன்ட்டுப் போட்டவர்களைப் பார்த்தால் போலீஸ் என்று நினைத்துக் கதவைத் திறக்க மாட்டாள். ஸ்டேஷனிலிருந்து சொல்லி அனுப்பினதிலிருந்து ரெண்டு நாளாக யாருக்குமே திறப்பதில்லை. செருப்பை அங்கேயே விடுங்க. கொஞ்சம் பின்னாலேயே நில்லுங்க.

யக்கா... சாலக்கா...

நான்தான். இல்லக்கா, ஸ்டேஷன்லேர்ந்து யாரும் வரல. இன்சூரன்ஸ் சாரு நிக்கறாரு, அவரு அப்புறம் பேசிக்குவாரு. அவருக்காகக் கதவத் தெறக்க வேண்டாம்.

நான் வந்திருக்கேன்.